முள்ளில்லா பிளாக்பெர்ரி: புதுத்தண்டும் காய்த்தண்டும்

பிளாக்பெர்ரியின் வேர் பத்துப் பதினைந்து ஆண்டுகள் மண்ணில் இருக்கும். தண்டுக்கு ஆயுள் இரண்டே ஆண்டு. முதல் ஆண்டு தரையிலிருந்து கிளம்பி வளர்ந்து இலை விடும். குளிர்காலத்தில் இலை கொட்டி உறங்கும். மறு வசந்தத்தில் பூத்து, கோடையில் பழுத்து, பழம் ஓய்ந்த கையோடு காய்ந்துபோகும். அதற்குள் பக்கத்திலேயே அடுத்த ஆண்டுக்கான தண்டுகள் எழுந்து நிற்கும். தார் வெட்டிய வாழையைச் சாய்த்துவிட்டுப் பக்கக்கன்றை வளரவிடும் வீட்டில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் இந்தச் செடியை வாங்கி வைப்பவர்களில் பலர் முதல் குளிர்காலத்திலேயே எல்லாத் தண்டையும் தரையோடு வெட்டிச் சுத்தம் செய்துவிடுகிறார்கள். பிறகு ஒரு பழம்கூட வரவில்லை என்று குறைப்படுகிறார்கள். அவர்கள் வெட்டிப் போட்டது அந்தக் கோடையில் காய்க்க வேண்டிய தண்டு.

முதலாண்டுத் தண்டைப் புதுத்தண்டு என்றும் இரண்டாம் ஆண்டுத் தண்டைக் காய்த்தண்டு என்றும் இந்த அத்தியாயம் முழுக்கச் சொல்லப்போகிறேன். கண்ணால் பிரித்தறிவது எளிது. புதுத்தண்டு பச்சையாக இருக்கும். ஒவ்வோர் இலையிலும் பெரும்பாலும் ஐந்து சிற்றிலைகள். காய்த்தண்டு பழுப்பேறி மரத்துப்போயிருக்கும். அதன் பக்கக்கிளைகளில் பெரும்பாலும் மூன்று சிற்றிலைகள்தான்.

இங்கே வரும் மாதக்கணக்கு ராலே, சார்லட், அட்லாண்டா சுற்றுவட்டாரத்துச் செம்மண் பூமிக்கு உரியது. நியூ ஜெர்ஸி, இல்லினாய் பக்கம் இருப்பவர்கள் சில வாரங்கள் தள்ளிவைத்துக்கொள்ளுங்கள். ஊரில் அம்மா வீட்டுக் கொல்லையிலும் ஒன்று வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: சென்னையிலும் மதுரையிலும் வேண்டாம். குளிர்காலத்தில் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சில நூறு மணி நேரமாவது உறங்கினால்தான் இந்தச் செடியின் மொட்டு ஒழுங்காக விழிக்கும். நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் இதன் காட்டுச் சொந்தங்கள் வேலியோரம் தாமாகவே காய்க்கின்றன, முள்ளோடு.

எந்த ரகம்

காட்டு பிளாக்பெர்ரியின் முள் சட்டையைக் கிழிக்கும். மேற்குக் கரையில், சியாட்டில் பக்கம், சாலையோரமெல்லாம் மண்டிக் கிடப்பது லூதர் பர்பாங்க் என்ற செடி வளர்ப்பாளர் 1885இல் விற்பனைக்குக் கொண்டுவந்த முள் ரகம். ‘ஹிமாலயா’ என்று பெயர் வைத்தார். அதன் பூர்வீகமோ ஆர்மீனியப் பக்கம். தோட்டத்துக்கு என்று வந்தது காட்டையே பிடித்துக்கொண்டது. அந்த ஊரில் பிளாக்பெர்ரி நடப்போகிறேன் என்றால் பக்கத்து வீட்டுக்காரர் முகம் சுளிப்பதற்கு இதுதான் காரணம். முள்ளில்லாத் தோட்ட ரகங்கள் அப்படிப் படர்ந்து ஊரைப் பிடிப்பதில்லை.

முள்ளில்லாத் தன்மை வந்த வழிகள் இரண்டு. ஒன்று, இங்கிலாந்தில் உருவான மெர்ட்டன் தார்ன்லெஸ் என்ற செடியின் மரபணு. இதில் முள்ளின்மை வேர்வரை இருக்கும். அமெரிக்க வேளாண் துறை வெளியிட்ட செஸ்டர், டிரிபிள் கிரவுன் ஆகியவையும், ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் மூரும் அவருக்குப்பின் ஜான் கிளார்க்கும் உருவாக்கிய ரகங்களும் இந்த வழியில் வந்தவை. இன்னொன்று, ஆரிகனில் கண்டெடுத்த தார்ன்லெஸ் எவர்கிரீன் போன்றது. அதில் தண்டின் மேல்தோலுக்கு மட்டும்தான் முள் இல்லை. வேரில் மண்வெட்டி பட்டு, அந்த இடத்திலிருந்து கன்று கிளம்பினால் முள்ளோடு வரும். வீட்டுத் தோட்டத்துக்கு முதல் வகையே போதும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது செடி நிற்கும் தோரணை. நிமிர்ந்த ரகம் தன் காலில் ஓரளவு நிற்கும். சாயும் ரகத்தின் தண்டு பத்தடிக்கு மேல்கூடப் போய் வளைந்து விழும். அதற்குக் கம்பிப் பந்தல் கட்டாயம். நிமிர்ந்த முள்ளில்லா ரகங்களில் முதலில் வந்தது 1989இல் வெளியான நவஹோ. பழம் சிறியது, தித்திப்பு அதிகம், பறித்த பின்னும் நன்றாகத் தாங்கும். ஆனால் ஆரஞ்சுத் துரு நோய் இதை எளிதில் பிடிக்கும். நாச்செஸ் சீக்கிரம் பழுக்கும், பழம் பெரியது. முழுக்கப் பழுக்காமல் பறித்தால் கசப்பு தெரியும். அண்மையில் வந்த போன்காவும் காடோவும் இனிப்புக்குப் பெயர் பெற்றவை. வாஷிட்டா எதிலும் முதலிடம் இல்லை, எதிலும் காலை வாருவதும் இல்லை. (பெயர்ச்சீட்டில் எழுத்துக் கூட்டல் வேறுமாதிரி இருக்கும், நாற்றுப்பண்ணையில் வாஷிட்டா என்றே கேளுங்கள்.) புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது இரண்டு வாஷிட்டா, ஒரு நாச்செஸ். பந்தல் போட இடமும் மனமும் இருந்தால் ஒரு டிரிபிள் கிரவுனைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இவற்றுக்குப்பின் ஜூலையில் பழுக்கும், சுவையில் அதை அடிக்க ஆள் குறைவு.

மூன்று நான்கு செடிகள் ஒரு குடும்பத்துக்குத் தாராளம். நன்றாகப் பிடித்த ஒரு செடி ஒரு கோடையில் ஐந்து கிலோ பழம் தரும். சாயும் ரகம் அதைவிடக் கூடுதலாகவே தரும். தன் மகரந்தத்திலேயே காய்ப்பதால் ஜோடிக்கு வேறு ரகம் தேவையில்லை.

பிரைம்-ஆர்க் ஃப்ரீடம் போன்ற ரகங்கள் புதுத்தண்டிலேயே, அதாவது முதல் ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே காய்க்கும். விளம்பரத்தில் கவர்ச்சியாக இருக்கும். நம் பகுதியின் கோடையில் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டி நிற்கும்போது அந்தப் பூக்கள் சரியாகப் பிஞ்சு பிடிப்பதில்லை. குளிர்ச்சியான கோடை உள்ள ஊரில் இருப்பவர்களுக்கு அதை விட்டுவிடலாம்.

இடமும் மண்ணும்

குறைந்தது ஆறு மணி நேர வெயில். தண்ணீர் தேங்காத நிலம். இந்த இரண்டில் இரண்டாவதுதான் செடியின் உயிரைத் தீர்மானிக்கிறது. வடிகால் இல்லாத செம்மண் களியில் வேர் அழுகிவிடும். அடை மழை நின்று மறுநாள் மாலைவரை குட்டையாக நிற்கும் மூலையில் நட வேண்டாம். அதைவிட்டால் இடமில்லை என்றால் முக்கால் அடி முதல் ஓரடி உயரத்துக்கு, மூன்றடி அகலத்தில் மேட்டுப்பாத்தி போடுங்கள்.

களிமண்ணில் ஆழக் குழி வெட்டி அதற்குள் மட்கு உரத்தை நிரப்பி நடும் பழக்கம் பலருக்கு உண்டு. சுற்றிலும் தண்ணீர் இறங்காத களி, நடுவே இளகிய குழி. பெய்த மழை முழுவதும் வந்து அங்கேதான் நிற்கும். உரத்தைப் பாத்தி முழுக்கப் பரப்பி, மேல்மண்ணோடு கொத்திக் கலப்பதே சரி.

மண்ணின் பி.எச். 5.5 முதல் 6.5 வரை இருக்க வேண்டும். இங்கத்திய செம்மண் இயல்பிலேயே புளிப்பு; சில வீடுகளில் அளவு இதற்கும் கீழே போய்விடும், அங்கே சுண்ணாம்புத் தூள் தேவைப்படும். ஊகித்துப் போடாமல், உங்கள் கவுண்டியின் வேளாண் விரிவாக்க அலுவலகத்தில் மண் மாதிரியைக் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். வட கரோலினாவில் ஆண்டின் பெரும்பகுதி இதற்குக் கட்டணம்கூட இல்லை.

நம்மவர் தோட்டங்களுக்கென்றே ஓர் எச்சரிக்கை உண்டு. கடந்த மூன்று நான்கு ஆண்டுகளில் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு வைத்த பாத்தியில் பிளாக்பெர்ரி நட வேண்டாம். அந்தக் குடும்பத்துச் செடிகளைத் தாக்கும் ஒரு வாடல் பூஞ்சை மண்ணில் தங்கியிருந்து இதையும் பிடிக்கும். கொல்லையில் நல்ல வெயில் படும் பாத்தி எதுவோ அதில்தான் கத்தரி இருக்கும் என்பது தெரியும். கத்தரியை நகர்த்தாதீர்கள், பெர்ரிக்குப் புது இடம் பாருங்கள். காட்டு முள்பெர்ரி மண்டிய வேலியோரத்தையும் தவிர்த்துவிடுங்கள், அங்கிருந்துதான் துரு நோய் வரும்.

நடவு

நடவுக்கு ஏற்றது பிப்ரவரி கடைசியும் மார்ச்சும். வெறும் வேரோடு வரும் நாற்றை ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து நடுங்கள். நடும்வரை வேரை வெயிலும் காற்றும் தொட விடாதீர்கள். ஈரச் சாக்கு போர்த்தி நிழலில் வைக்கலாம். நாற்றுப்பண்ணையில் எந்த ஆழத்தில் இருந்ததோ அதே ஆழம், கூடினால் ஓர் அங்குலம். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பழைய தண்டை அரையடி விட்டு வெட்டுங்கள். தொட்டியில் வந்த சின்னஞ்சிறு திசு வளர்ப்பு நாற்று என்றால், உறைபனி முழுக்க நின்ற பிறகு நட வேண்டும்.

நிமிர்ந்த ரகத்துக்குச் செடிக்குச் செடி மூன்றடி, சாயும் ரகத்துக்கு ஐந்து ஆறடி. நடும் நாளில் ஒரு சாண் குச்சிக்கு இவ்வளவு இடமா என்று தோன்றும். இரண்டாம் கோடையில் காற்றுப் போக வழியில்லாமல் நெருங்கி நிற்கும்போதுதான் அது புரியும், அப்போது பிடுங்கி நட மனம் வராது.

நட்டவுடன் பைன் மரப்பட்டையோ பைன் ஊசியிலையோ மூன்று அங்குலக் கனத்தில் மூடாக்குப் போடுங்கள். இந்த மாநிலங்களில் இரண்டும் மலிவு. வேர் மேலாகவே ஓடுவதால் களைக்கொத்தியைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது. களையை மூடாக்கே அடக்கட்டும்.

முதல் ஆண்டில் தண்டுகள் நிமிர்ந்த ரகமாக இருந்தாலும் தரையில் தவழும். தவறான ரகத்தை அனுப்பிவிட்டார்களோ என்று பயப்பட வேண்டாம். மெதுவாகத் தூக்கிக் கட்டிவிடுங்கள். இரண்டாம் ஆண்டு எழும் தண்டுகள் தாமாகவே நிமிரும்.

கம்பி கட்டுதல்

நிமிர்ந்த ரகத்துக்குத் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் ஒரு கம்பி, அதைப் பிடிக்க இரண்டு கம்பம். சாயும் ரகத்துக்கு மூன்றடியில் ஒன்று, ஐந்தடியில் ஒன்று. கம்பங்களை இரண்டடி ஆழத்தில் ஊன்ற வேண்டும், பழம் ஏறிய தண்டின் கனம் சாதாரணமல்ல. வீட்டுமனைச் சங்கம் உள்ள குடியிருப்புகளில் பந்தல் கட்டுவதற்கு முன் விதியைப் பார்த்துவிடுங்கள். பின்கொல்லை என்றால் பெரும்பாலும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

கவாத்து

ஆண்டுக்கு மூன்று முறை கத்தரிக்கோலை எடுக்க வேண்டும். மூன்றும் வெவ்வேறு வேலை.

முதலாவது நுனி கிள்ளுதல். புதுத்தண்டு கிள்ளாமல் விட்டால் ஒற்றையாய் நெடுநெடுவென்று வளரும், பக்கக்கிளை குறைவு. மறு ஆண்டின் பழம் பக்கக்கிளைகளில்தான் வரும் என்பதால் முருங்கைக்குச் செய்வது இங்கேயும் வேண்டும். நிமிர்ந்த ரகம் மூன்றரை முதல் நான்கடி வந்ததும், சாயும் ரகம் மேல் கம்பியைச் சற்றுத் தாண்டியதும் மூன்று நான்கு அங்குல நுனியைக் கிள்ளுங்கள். எல்லாத் தண்டும் ஒரே நாளில் அந்த உயரத்துக்கு வராது. மே, ஜூன் மாதங்களில் வாரம் ஒருமுறை சுற்றி வர வேண்டும். நகத்தால் கிள்ளும் அளவு இளசாக இருக்கும்போதே செய்வது முக்கியம். தண்டு முற்றி, வெட்டுக்கத்தி வேண்டும் என்ற நிலை வந்தால் காயம் பெரிதாகும். ஈரம் மிகுந்த நம் தென்கிழக்கில் அந்தக் காயத்தின் வழியாகத் தண்டுக் கருகல் பூஞ்சை இறங்கி, தண்டையே மேலிருந்து சாகடிக்கும். மழை வரும் நாளில் கிள்ளாதீர்கள். தொடர்ந்து இரண்டு மூன்று நாள் காய்ச்சல் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பழம் முடிந்ததும் காய்த்தண்டைத் தரையோடு வெட்டி அப்புறப்படுத்துவது. குளிர்காலம்வரை விட்டுவைக்கலாம், தண்டில் இருக்கும் சத்து வேருக்கு இறங்கும் என்று ஒரு வாதம் உண்டு. வறண்ட ஊர்களில் அது சரியாக இருக்கலாம். ஜூலை மழையில் நனைந்து நிற்கும் சாகும் தண்டு நோய்க்கு மடம். அதனால் உடனே வெட்டுவதுதான் என் கட்சி. இதில் இன்னொரு சௌகரியமும் உண்டு. ஆகஸ்டுக்குள் காய்த்தண்டை எல்லாம் எடுத்துவிட்டால் மிச்சம் நிற்பது அத்தனையும் புதுத்தண்டு. குளிர்காலத்தில் இலை கொட்டிய பின் எது எது என்று தேடித் தடுமாறும் வேலையே இல்லை. வெட்டிய தண்டைச் செடியருகே போடாதீர்கள், மட்கு உரக் குவியலிலும் வேண்டாம்.

மூன்றாவது பிப்ரவரி கடைசியில், மொட்டு வீங்கத் தொடங்கும் முன். பென்சிலைவிட மெலிந்த தண்டுகளையும் பனியில் கருகியவற்றையும் எடுத்துவிடுங்கள். செடிக்கு நான்கைந்து நல்ல தண்டு போதும். சாயும் ரகத்துக்கு ஆறு ஏழு. ஒவ்வொன்றின் பக்கக்கிளைகளையும் ஒன்று முதல் ஒன்றரை அடி விட்டு நறுக்கி, தண்டைக் கம்பியோடு தளரக் கட்டுங்கள். இந்த நறுக்கலில்தான் எல்லோருக்கும் கை கூசும். முழு நீளக் கிளையில் பூ அதிகம் வரும், பழம் சிறுத்துப்போகும்; நறுக்கிய கிளையில் எண்ணிக்கை குறைந்து ஒவ்வொன்றும் பருக்கும்.

நீரும் உரமும்

வாரத்துக்கு ஓர் அங்குல நீர், பழம் பருக்கும் வாரங்களில் இரண்டு வரை, மழையையும் சேர்த்து. சொட்டுநீர்க் குழாய் நல்லது. மேலிருந்து தெளித்தால் இலையும் பழமும் நனைந்து பூஞ்சை வரும். முதல் ஆண்டு, நட்டு ஒரு மாதம் கழித்து 10-10-10 உரம் ஒரு கைப்பிடி, தண்டை ஒட்டாமல் ஓரடி தள்ளி வட்டமாக. அடுத்த ஆண்டிலிருந்து மொட்டு விழிக்கும்போது ஒருமுறை, காய்த்தண்டை வெட்டியதும் ஒருமுறை. ஆகஸ்டுக்குப்பின் தழைச்சத்து கொடுத்தால் இளந்தளிர் கிளம்பிப் பனியில் கருகும்.

பழம் பறித்தல்

நட்ட இரண்டாம் கோடையில் முதல் பழம், மூன்றாம் கோடையில் முழு விளைச்சல். ஏப்ரல் கடைசியில் பூத்தால் ஜூனில் பறிக்கலாம்.

கறுத்த பழமெல்லாம் பழுத்த பழமல்ல. பளபளவென்று மின்னும் கறுப்பு இன்னும் புளிக்கும். மினுமினுப்பு மங்கி, மணிகள் உப்பி, இலேசாகத் தொட்டு இழுத்தால் கையோடு வரும் பழமே பழுத்தது. பறித்தபின் இது இனிப்பு ஏறும் சாதி இல்லை. கடையில் விற்பது புளிப்பாக இருப்பதற்குக் காரணமும் இதுதான்: லாரிப் பயணத்தைத் தாங்க வேண்டும் என்று மினுமினுப்போடு பறிக்கிறார்கள். மங்கிய பழத்தின் சுவை கொல்லையில் வளர்ப்பவருக்கு மட்டுமே கிடைக்கும்.

இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, காலைக் குளிர்ச்சியில், பனி காய்ந்த பிறகு பறியுங்கள். அகலமான தட்டில் இரண்டு அடுக்குக்கு மேல் போடாதீர்கள். கழுவாமல் உடனே குளிர்சாதனப் பெட்டிக்குள். சாப்பிடும் நேரத்தில் கழுவினால் போதும். கொளுத்தும் வெயிலில் பறித்த பழத்தில் சில மணிகள் பெட்டிக்குள் போனபின் சிவப்பாக மாறும். கெட்டுப்போகவில்லை, தாராளமாகச் சாப்பிடலாம். மிஞ்சியதைத் தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பி உறைய வைத்து, பிறகு பையில் கட்டினால் ஒன்றோடொன்று ஒட்டாது. ஜாமுக்குப் பத்தில் ஒரு பங்கு, இன்னும் கறுக்காத செம்பழம் சேர்த்தால் சீக்கிரம் இறுகும்.

தொல்லைகள்

முள் போனதில் நமக்கு எவ்வளவு லாபமோ அவ்வளவு லாபம் மானுக்கும். இளநுனியை ஒரே இரவில் மேய்ந்துவிடும்; குளிர்காலத்தில் முயல் அடித்தண்டைக் கறும்பும். மான் வரும் பகுதி என்றால் வேலி போட்டுவிட்டுச் செடி வாங்குங்கள். பறவைக்கு, பழம் சிவக்கத் தொடங்கும்போது வலை.

சாதாரணப் பழ ஈ அழுகிய பழத்தில்தான் முட்டையிடும். ஆசியாவிலிருந்து வந்து 2008இல் கலிஃபோர்னியாவில் தென்பட்ட ஒரு வகை, நல்ல பழத்தையே துளைத்து முட்டையிடுகிறது. ஆண் ஈயின் சிறகில் கரும்புள்ளி இருக்கும். வீட்டுத் தோட்டத்தில் இதற்கு மருந்தைவிடக் கை வேகம் பெரிது: பழுத்ததைத் தங்கவிடாமல் பறிப்பது, உதிர்ந்ததைப் பொறுக்குவது, பறித்ததை உடனே குளிர்விப்பது. கோடை முற்ற முற்ற இதன் பெருக்கம் கூடும் என்பதால் சீக்கிரம் பழுக்கும் ரகங்கள் ஓரளவு தப்பும். செம்பும் பச்சையுமாக மின்னும் ஜப்பான் வண்டை, காலையில் அது மந்தமாக இருக்கும்போது சோப்புத் தண்ணீரில் தட்டிவிடுங்கள்.

நோய்களில் இரண்டுக்கு மட்டும் இரக்கம் காட்டக் கூடாது. வசந்தத்தில் இலையின் அடிப்பக்கம் பளிச்சென்று ஆரஞ்சுப் பொடி பூத்திருந்தால் அது ஆரஞ்சுத் துரு. பூஞ்சை செடியின் உடலெங்கும், வேர்வரை பரவியிருக்கும். அந்த இலையைக் கிள்ளியோ, தண்டை வெட்டியோ பயனில்லை, மருந்தும் குணமாக்காது. பொடி பறப்பதற்குள் செடி மேல் ஒரு பையைக் கவிழ்த்து, வேரோடு தோண்டி வெளியேற்றுங்கள். அடித்தண்டில் கரடுமுரடான கட்டி தெரிந்தாலும் அதே தண்டனை. அந்தக் குழியில் மீண்டும் பெர்ரி வைக்கக் கூடாது. நாற்றை நம்பகமான பண்ணையில் வாங்கச் சொல்வது இந்த இரண்டுக்காகத்தான்.

கன்று பெருக்குதல்

சாயும் ரகத்தின் நுனியை ஆகஸ்டு கடைசியில் வளைத்து நான்கு அங்குல ஆழத்தில் புதைத்து, மேலே ஒரு கல்லை வைத்தால் வேர் விட்டுவிடும். ஒவ்வோர் ஆண்டும் இப்படிப் பதியம் போடுவதற்காக ஒன்றிரண்டு தண்டுகளைக் கிள்ளாமல் விட்டுவைக்கலாம். அடுத்த மார்ச்சில் தாய்த்தண்டிலிருந்து ஓரடி விட்டு வெட்டி, மண்ணோடு பெயர்த்து நட வேண்டியதுதான். நிமிர்ந்த ரகங்களில் வேரிலிருந்து கிளம்பும் பக்கக்கன்றைப் பெயர்த்து நடலாம். பெயர்க்காவிட்டால் பாத்திக்கு வெளியே வருவதை எல்லாம் பிடுங்கிவிட வேண்டும், இல்லையேல் வரிசை வேலியாகிவிடும்.

அண்மையில் வெளியான ரகங்கள் பலவற்றுக்குக் காப்புரிமை உண்டு. அந்தக் காலம் முடியும்வரை அவற்றைப் பதியம் போட்டுப் பெருக்க அனுமதியில்லை. விற்பது மட்டுமல்ல, இனாமாகக் கொடுப்பதற்காகப் பெருக்குவதும் இதில் அடங்கும். வாங்கும்போது பெயர்ச்சீட்டில் காப்புரிமை எண் இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் கன்று மாற்றிக்கொள்ள ஆசைப்படுபவர்கள் காப்புரிமை இல்லாத செஸ்டர், டிரிபிள் கிரவுன் போன்றவற்றைப் பெருக்கலாம். கொடுக்கும்போது ரகத்தின் பெயரைத் தகட்டில் எழுதிக் கட்டிக் கொடுங்கள். நிமிர்ந்ததா சாய்வதா என்று தெரியாமல் வாங்கிப்போகிறவருக்கு எந்த உயரத்தில் நுனி கிள்ளுவது, எத்தனை கம்பி கட்டுவது என்பது தெரியாது.